பி.டி. பீரியடு என்னும் வாராக்கடன்

காமர்ஸ் படிக்கிற மக்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. ஒருவர் உங்களிடம் கைமாற்றாக நூறு ரூபாய் வாங்குகிறார். திருப்பித் தரவில்லை. அடுத்த வாரம் இன்னொரு நூறு. அதுவும் வரவில்லை. இப்படியே பத்து மாதம் ஓடுகிறது. இதைப் பேரேட்டில் எப்படி எழுதுவீர்கள்? முதலில் 'கடனாளி' என்று எழுதலாம். கொஞ்ச நாள் போனால் 'வாரா ஐயக்கடன்'. வருடக் கடைசியில்? 'வாராக்கடன்' என்று எழுதி நட்டத்தில் தள்ளிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்க வேண்டியதுதான்.

தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்களில் இப்படி வருடா வருடம் நட்டத்தில் எழுதப்படும் ஒரு சொத்து இருக்கிறது. அதன் பெயர் பி.டி. பீரியடு.

காட்சி எல்லோருக்கும் தெரிந்ததுதான். மணி அடிக்கிறது. பசங்க பெஞ்சுக்கு அடியில் செருப்பைத் தேடுகிறார்கள். ஒருத்தன் அதற்குள் சட்டையை வெளியே எடுத்துவிட்டான். அப்போது வாசலில் கணக்கு வாத்தியார், கையில் சாக்பீஸோடு. "இன்னைக்கு ஒருநாள் மட்டும்டா. போர்ஷன் முடியல. அடுத்த வாரம் என் பீரியடுல போய் விளையாடிக்குங்க." அந்த 'அடுத்த வாரம்' வந்ததாகச் சரித்திரம் உண்டா? அடுத்த வாரம் அறிவியல் டீச்சர் வருவார். ஜனவரி பிறந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். பத்தாவதுக்கும் பிளஸ் டூவுக்கும் டைம்டேபிளில் பி.டி. என்ற இரண்டு எழுத்து சும்மா அழகுக்குத்தான்.

பெறுபவர் கணக்கில் பற்று, தருபவர் கணக்கில் வரவு. பதினொன்றாம் வகுப்பில் முதலில் சொல்லித் தரும் விதி இது. இங்கே பெறுபவர் கணக்குப் பாடம். தருபவர் மாணவர். அப்படியென்றால் பள்ளிக்கூடத்துக்குக் கடன் கொடுத்தவர் மாணவர்தான். கடன் கொடுத்தவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், எந்தப் பதிவேட்டிலும் ஏற்றாமல், திருப்பித் தரும் எண்ணமும் இல்லாமல் எடுத்துக்கொள்வதற்கு வணிகவியலில் 'கடன்' என்று பெயர் இல்லை. வேறு பெயர் இருக்கிறது.

இது மாநிலம் முழுக்க நடப்பதுதான். 2022 டிசம்பரில் விளையாட்டுத்துறை அமைச்சரான உதயநிதி ஸ்டாலின், பி.டி. பீரியடைக் கடன் வாங்காதீர்கள் என்று ஆசிரியர்களை மேடையிலேயே கேட்டுக்கொண்டார். ஒரு அமைச்சர் மேடை ஏறிக் கெஞ்சுகிற அளவுக்கு ஒரு பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. ஆனால் இந்தப் பழக்கம் தேனி மாவட்டத்தில், குறிப்பாகக் கம்பம் பள்ளத்தாக்கில் நடக்கும்போது கூடுதலாக உறுத்துகிறது. ஏன் என்றால், விளையாட்டுப் பிடிக்காத ஊர் இல்லை இது.

பெரியகுளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சில்வர் ஜூப்ளி ஸ்போர்ட்ஸ் கிளப் என்று ஒன்று. அது நடத்தும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி அறுபது ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. வருடா வருடம் மே மாதம், கோடை விடுமுறையில், வங்கி அணிகளும் ராணுவ அணிகளும் இந்தச் சின்ன ஊருக்கு வந்து மின்னொளியில் ஆடிவிட்டுப் போகின்றன. பெரிய நகரங்களில் கூடைப்பந்து என்றால் யார் பார்க்க வருகிறார்கள்? இங்கே ஊரே கேலரியில் உட்கார்ந்திருக்கும். ஒரு மாநகரமோ, அரசாங்கமோ செய்த காரியம் இல்லை அது. ஒரு ஊர் தானாகப் பிடித்து வைத்திருக்கும் பழக்கம்.

பொங்கலுக்கு வாருங்கள். பள்ளத்தாக்கில் எந்த ஊரில் நின்றாலும் மைக் செட் சத்தம் கேட்கும். கபடி, வாலிபால், சைக்கிளை மெதுவாக ஓட்டும் போட்டி, உறியடி, வழுக்கு மரம். ஜனவரி 15 பென்னிகுயிக் பிறந்தநாள் வேறு. 1895-ல் முல்லைப்பெரியாறு அணையைக் கட்டி முடித்து இந்த மண்ணுக்குத் தண்ணீர் கொண்டுவந்தவருக்குப் பாலார்பட்டியில் பொங்கலே வைக்கிறார்கள். அய்யம்பட்டி, பல்லவராயன்பட்டி ஜல்லிக்கட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆக, ஆட ஆள் இருக்கிறது. பார்க்க ஆள் இருக்கிறது. கைதட்ட ஆள் இருக்கிறது. இல்லாதது ஒன்றே ஒன்றுதான்: பள்ளிக்கூட டைம்டேபிளில் நாற்பது நிமிடம்.

சரி, பள்ளிகளில் விளையாட்டுப் பாரம்பரியமே இல்லையா என்றால், இருக்கிறது. பாரம்பரியம் என்ற பெயரில் 'ஸ்போர்ட்ஸ் டே' என்று ஒன்று இருக்கிறது.

ஒரு வாரம் முன்பே சுண்ணாம்புப் பொடியில் டிராக் போடுவார்கள். சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் என்று நான்கு அணி. மார்ச் பாஸ்ட் பழகுவதற்கு மட்டும் பி.டி. பீரியடு தாராளமாகக் கிடைக்கும். சொல்லப்போனால் கணக்கு பீரியடே கிடைக்கும்! அன்றைக்குக் காலை ஒன்பது மணிக்குப் பிள்ளைகள் வெயிலில் நிற்க, சிறப்பு விருந்தினர் பதினோரு மணிக்கு வருவார். கொடி, ஜோதி, உறுதிமொழி, கூட்டு உடற்பயிற்சி, வரவேற்புரை, பொன்னாடை, இன்னொரு பொன்னாடை. நடுவில் இரண்டு பேர் மயங்கி விழுவார்கள், குளுக்கோஸ் கொடுப்பார்கள். அதற்கப்புறம் நூறு மீட்டர் ஓட்டம். ஓடுவது எட்டுப் பேர். பார்ப்பது எண்ணூறு பேர். ஜெயித்தவருக்கு எவர்சில்வர் டிபன் பாக்ஸ். முடிந்தது அந்த வருட விளையாட்டு.

இதில் குற்றம் ஸ்போர்ட்ஸ் டேயில் இல்லை. வருடம் முழுக்கச் சமைக்காத வீட்டில் ஒருநாள் மட்டும் இலை போட்டு விருந்து வைத்தால் எப்படியோ, அப்படித்தான் இது.

இந்த எண்ணூறு பேரில் ஒருவர் யார் என்று பார்க்க வேண்டும். அவர் ஒரு எட்டாம் வகுப்புப் பெண் என்று வைத்துக்கொள்வோம். கம்பத்துக்குப் பக்கத்து ஊர். அம்மா விடியும் முன்னாலேயே எழுந்து ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாக இடுக்கிப் பக்கம் ஏலக்காய்த் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போகிறார். திரும்பி வர இருட்டிவிடும். பள்ளத்தாக்கில் இப்படிப் போகிற அம்மாக்கள் எத்தனை பேர் என்று விடியற்காலையில் கம்பத்திலோ போடியிலோ நின்று பார்த்தால் தெரியும். அந்தப் பெண் பள்ளி விட்டு வந்ததும் தண்ணீர் பிடிக்க வேண்டும், தம்பியைப் பார்க்க வேண்டும், உலை வைக்க வேண்டும். வயசுக்கு வந்துவிட்டால் தெருவில் ஓடி விளையாடுவதும் முடிந்தது. ஒரு நாளில் அவர் ஓடக்கூடிய, கத்தக்கூடிய, பந்தை ஓங்கி அடிக்கக்கூடிய இடம் ஒன்றே ஒன்று. பள்ளி மைதானம். நேரமும் ஒன்றே ஒன்று. அந்த பீரியடு.

வசதியான வீட்டுப் பிள்ளைக்குப் பி.டி. பீரியடு போனால் பெரிய நட்டம் இல்லை. சாயங்காலம் தேனியில் மாதக் கட்டணம் கட்டி ஷட்டில் கோச்சிங் போகலாம். ஏலக்காய்த் தோட்டத்துக் கூலிக்காரர் மகளுக்கு மாற்று ஏற்பாடு கிடையாது. ஆகவே அந்த நாற்பது நிமிடத்தை யாரிடம் இருந்து எடுக்கிறார்கள் என்று பார்த்தால், எப்போதும் போல, வேறு எதுவும் இல்லாதவரிடம் இருந்துதான்.

உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் சராசரியாகத் தினமும் 60 நிமிடம் உடலை அசைத்து வேலை வாங்க வேண்டும் என்கிறது. அதே நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2019-ல் வெளியிட்ட கணக்கு ஒன்று உண்டு. உலகம் முழுக்கப் பள்ளி செல்லும் வளரிளம் பருவத்தினரில் 81 சதவீதம் பேருக்கு அந்த அளவு அசைவு இல்லை. பையன்களில் 78, பெண்களில் 85. இதற்குக் காரணம் செல்போன் என்று எல்லோரும் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். செல்போனைப் பிடுங்கினால் போய் ஆடுவதற்கு இடமும் நேரமும் எங்கே என்று யாரும் சொல்வதில்லை.

இதற்கு வழக்கமாக வரும் சாக்குகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சாக்கு 1: "ஏழைப் பிள்ளைக்கு மார்க்தான் சோறு போடும். விளையாட்டா போடும்?"

மார்க் முக்கியம். மறுப்பதற்கில்லை. ஆனால் விளையாட்டு சோறு போடாது என்பது பொய். பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் இருக்கின்றன. அரசு வேலையில் 3 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது. ரயில்வே, காவல்துறை, ராணுவம் என்று விளையாட்டை வைத்து வேலைக்குப் போனவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. இந்த இடங்கள் எல்லாம் யாருக்குப் போகின்றன? எட்டாம் வகுப்பிலிருந்தே ஒழுங்காகப் பழகி, மாவட்டம், மண்டலம், மாநிலம் என்று போய்ச் சான்றிதழ் வாங்கியவர்களுக்கு. பீரியடையும் பிடுங்கிக்கொண்டு "விளையாட்டால் என்ன கிடைத்தது?" என்று கேட்பது, விதைநெல்லை அவித்துத் தின்றுவிட்டு வயல் விளையவில்லை என்று புலம்புவது மாதிரி.

அதைவிட முக்கியமான விஷயம், எண்ணூறு பேரும் சாம்பியன் ஆகப் போவதில்லை. ஆகவும் வேண்டாம். கணக்கு படிக்கிற எல்லோரும் ராமானுஜன் ஆகிறார்களா என்ன? அதற்காகக் கணக்கு பீரியடை யாரும் ரத்து செய்வதில்லையே!

சாக்கு 2: "மைதானம் இல்லை."

கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் வந்தது. ஒரு பள்ளிக்குக் கட்டாயம் இருக்க வேண்டியவை என்று அதன் அட்டவணையில் போட்ட பட்டியலில் கழிப்பறை, குடிநீர், சமையலறையோடு விளையாட்டு மைதானமும் இருக்கிறது. அதாவது கக்கூஸ் இல்லாமல் பள்ளி நடத்துவது எப்படித் தப்போ, மைதானம் இல்லாமல் நடத்துவதும் அதே அளவு தப்பு. கட்டடத்துக்குள் அடைத்துவைத்த சில தனியார் பள்ளிகளைக் கேட்க வேண்டிய கேள்வி இது. ஆனால் பள்ளத்தாக்கின் பழைய அரசு, உதவி பெறும் பள்ளிகள் பலவற்றில் மைதானம் நன்றாகவே இருக்கிறது. அதில் பிள்ளைகளைத் தவிர மற்ற எல்லாம் நடக்கிறது. பொருட்காட்சி, கட்சிக் கூட்டம், திருவிழா பார்க்கிங். விளையாடும் இடத்தில் ஆணியும் கண்ணாடித் துண்டும் கிடந்தால், செருப்பில்லாமல் கபடி ஆடுகிறவன் கால் என்ன ஆகும்?

சாக்கு 3: "பி.டி. வாத்தியார் இல்லை."

இது மட்டும் நியாயமான சாக்கு. ஆனால் இதற்கு யார் பொறுப்பு? 2012-ல் தமிழ்நாடு அரசு உடற்கல்வி, ஓவியம், தையல், இசை, கணினி போன்றவற்றுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தது. வாரத்தில் மூன்று அரை நாள். மாதம் 5,000 ரூபாய். பிறகு அது கொஞ்சம் கொஞ்சமாக ஏறி 12,500 வரை வந்தது. ஒரு மாநிலம் தன் பிள்ளைகளின் உடம்புக்குப் போட்ட மதிப்பு இதுதான். இருக்கிற முழுநேர பி.டி. வாத்தியார்களையும் விடுவதில்லை. காலைக் கூட்டம், ஒழுக்கம் பார்ப்பது, முடி வெட்டாதவனைப் பிடிப்பது, விழாவுக்குப் பந்தல், இலவச சைக்கிளுக்குக் காவல் எல்லாம் அவர் தலையில். விசில் மட்டும் கழுத்தில் தொங்கும்.

அந்த விசில் யார் கையில் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு உதாரணம் தேடி வெளிநாடு போக வேண்டாம். மதுரை பக்கம் சக்கிமங்கலம். பெற்றோரை இழந்து பாட்டியிடம் வளர்ந்த ரேவதி வீரமணி, பள்ளிகளுக்கான போட்டியில் வெறுங்காலோடு ஓடினார். பயிற்சியாளர் கண்ணன் கண்ணில் அது பட்டது. பாட்டியிடம் பேசிச் சம்மதிக்க வைத்தார். அந்தப் பெண் 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் 4x400 மீட்டர் கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். இன்னொருவர் சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு. ஐந்து வயதில் பேருந்து ஏறிக் கால் போனது. அவரை உயரம் தாண்டச் சொன்னது பள்ளிக்கூடத்து உடற்கல்வி ஆசிரியர். பதினான்கு வயதில், கால் நன்றாக இருக்கும் பையன்களோடு போட்டி போட்டு இரண்டாவதாக வந்தார். 2016 ரியோ பாராலிம்பிக்கில் தங்கம். ரேவதி அன்றைக்கு அந்தப் போட்டிக்கே போகாமல் இருந்திருந்தால்? மாரியப்பனிடம் "உனக்கு எதுக்குடா இதெல்லாம், போய் கணக்குப் போடு" என்று ஒருவர் சொல்லியிருந்தால்? சொல்லியிருந்தால் தப்பு என்றுகூட யாருக்கும் தோன்றியிருக்காது. அதுதான் பயமாக இருக்கிறது.

கம்பம் பள்ளத்தாக்கில் இப்படி எத்தனை பேர் கணக்குப் போடப் போனார்கள் என்று எந்தப் பேரேட்டிலும் பதிவு இல்லை. நடக்காமல் போனதற்கு வவுச்சர் கிடையாது.

வெளியே கொஞ்சம் எட்டிப் பார்க்கலாம். யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் 1904-ல் தொடங்கிய கிரிக்கெட் போட்டிக்கு 'வடக்கின் பெரும் சமர்' என்று பெயர். இரண்டும் பள்ளிக்கூடங்கள்தான். பள்ளிக்கூட மேட்ச் பார்க்க லண்டனிலிருந்தும் டொராண்டோவிலிருந்தும் பழைய மாணவர்கள் வருகிறார்கள். ஜப்பானில் பள்ளிகளுக்கான பேஸ்பால் போட்டி 1915-லிருந்து நடக்கிறது. கோஷியன் மைதானத்தில் அதைப் பார்க்க நாடே டிவி முன்னால் உட்காரும். அமெரிக்காவில் 2023-24-ல் உயர்நிலைப் பள்ளி விளையாட்டுகளில் பங்கேற்பு 80 லட்சத்தைத் தாண்டியது. புறநகரில் ஒரு சாதாரண அரசுப் பள்ளி என்றால்கூட வெள்ளிக்கிழமை ராத்திரி ஃபுட்பால் உண்டு.

அங்கேயும் எல்லாம் சரி என்று சொல்ல முடியாது. சின்னப் பையன்கள் மண்டையில் அடிபட்டுக்கொள்கிறார்கள். ஜெயித்தே ஆக வேண்டும் என்ற வெறியும் இருக்கிறது. அதை அப்படியே இறக்குமதி செய்ய வேண்டாம். கவனிக்க வேண்டியது ஒன்றுதான். அங்கெல்லாம் பள்ளிக்கூடத்தின் பெயரைக் காப்பாற்றுவது பொதுத்தேர்வு ரிசல்ட் பேனர் மட்டும் இல்லை. இங்கே பள்ளி வாசலில் தொங்குவது பாஸ்போர்ட் சைஸ் போட்டோக்களும் அவற்றுக்குக் கீழே எண்களும். ஒரு பள்ளியின் ஞாபகமே இவ்வளவுதான் என்றால், முப்பது வருடம் கழித்து எந்தப் பழைய மாணவர் எதைப் பார்க்க ஊருக்கு வருவார்?

இப்போது கணக்கு வாத்தியாரிடம் திரும்பி வர வேண்டும். அவரை வில்லன் ஆக்குவது சுலபம். ஆனால் அவர் வில்லன் இல்லை. ரிசல்ட் வந்ததும் தலைமை ஆசிரியரைக் கூப்பிட்டுத் தேர்ச்சி விழுக்காடு கேட்கிறார்கள். குறைந்தால் பாட ஆசிரியர் விளக்கம் சொல்ல வேண்டும். எந்தக் கூட்டத்திலும், எந்த அதிகாரியும், "உங்கள் பள்ளியில் இந்த வருடம் எத்தனை பிள்ளைகள் மைதானத்துக்குப் போனார்கள்?" என்று கேட்பதில்லை. காமர்ஸ்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். எதைத் தணிக்கை செய்கிறார்களோ அதுதான் ஒழுங்காக இருக்கும். தணிக்கை இல்லாத கணக்கில் கை வைக்கத்தான் செய்வார்கள், நல்லவர்களும்கூட.

ஆகவே தீர்வும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஒன்று, பி.டி. பீரியடுக்கு ஒரு பதிவேடு. எந்த வகுப்பு, எந்தத் தேதி, மைதானத்துக்குப் போனார்களா, போகவில்லையென்றால் யார் எடுத்துக்கொண்டார்கள், எப்போது திருப்பித் தந்தார்கள். எழுதுவது ஆசிரியர் இல்லை, வகுப்பு லீடர். மாதம் ஒருமுறை அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். செலவு ஒரு நோட்டு. ஐம்பது ரூபாய்.

இரண்டு, பத்தாவதுக்கும் பிளஸ் டூவுக்கும் விலக்கு கூடாது. 2025-ல் வந்த மாநிலக் கல்விக் கொள்கையில் பிளஸ் ஒன் பொதுத்தேர்வை எடுத்துவிட்டார்கள். நல்லது. ஆனால் அந்த ஒரு வருடமும் பிளஸ் டூ போர்ஷனை முன்கூட்டியே நடத்தத்தான் போகும் என்றால், தேர்வை எடுத்ததில் பிள்ளைகளுக்கு என்ன லாபம்?

மூன்று, பெண்களுக்குத் தனி பீரியடு வேண்டும். பையன்கள் மைதானத்தைப் பிடித்துக்கொள்ள, பெண்கள் மரத்தடியில் உட்கார்ந்து நோட்டு எழுதுவதற்குப் பெயர் பி.டி. இல்லை.

நான்கு, பள்ளத்தாக்குக்கு ஒரு பெரும் சமர். கம்பம் ஒரு பக்கம், பெரியகுளம் ஒரு பக்கம். போடி, சின்னமனூர், உத்தமபாளையம், ஆண்டிபட்டி எல்லாம் சேரட்டும். கபடியோ வாலிபாலோ கூடைப்பந்தோ, வருடா வருடம் ஒரே தேதியில், பள்ளிகளுக்குள். விருந்தினர் வரட்டும், ஆனால் ஆட்டம் முடிந்த பிறகு பேசட்டும். பெரியகுளத்தில் ஒரு கிளப் அறுபது வருடம் நடத்திக் காட்டியதைப் பள்ளிக்கூடங்கள் சேர்ந்து நடத்த முடியாதா?

இதெல்லாம் நடக்கும் வரை கடன் கொடுத்தவர்கள் வாயைத் திறக்கத்தான் வேண்டும். அடுத்த தடவை சாக்பீஸோடு வாசலில் யாராவது வந்து "இன்னைக்கு ஒருநாள் மட்டும்" என்றால், முதல் பெஞ்சிலிருந்து ஒரு கை உயரட்டும். மரியாதையாக, சிரித்துக்கொண்டே ஒரே ஒரு கேள்வி போதும்.

"சார், போன வாரம் வாங்கினது எப்ப சார் தருவீங்க?"

பி.கு.: கேட்டதற்காக வெளியே நிற்க வைத்தால் நல்லதுதான். மைதானம் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. :-)